தன்மை இடம்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சோழர் காலத்து ஊராட்சியைப் பற்றியோ கல்வெட்டுகளைப் பற்றியோ ஏதேனும் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பி.ஏ. வகுப்பில் வரலாறு படித்தவன் என்பதாலும், முன்னர் இரண்டு மலர்களில் அவ்வாறே எழுதியவன் என்பதாலும் அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆடுகிறார்களே, அந்தத் துப்பாக்கி ஆட்டங்களுள் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். ஒரு கதைக்குள் மனிதன் தன்னை மறந்து ஆழ்ந்து போவது எதனால் என்ற கேள்விக்கு, இந்த 46ஆம் வயதில் எனக்கு ஓரளவு விடை சொன்னது அந்த ஆட்டம்தான்.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் ஏந்திக்கொண்டு பெற்றோர் கூடி நிற்கும் இடத்தில் என்ன பேசப்படுகிறது என்பதை யாவரும் அறிவோம். “தமிழ்ப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கிறான்.” இந்தப் புலம்பலில் என் குரலே சற்று ஓங்கி ஒலித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வடக்கே வந்து, இரண்டு அறை கொண்ட அரசுக் குடியிருப்பில் பிள்ளையை வளர்த்து, கடைசியில் அவன் எந்த மண்ணிலும் இல்லாத ஓர் உலகத்தில் குடியேறிவிட்டானே என்ற ஆற்றாமை எனக்கு இருந்தது.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவு ஒன்று. மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது. நேரு பிளேஸ் சந்தையில் வாங்கிய பழைய கணிப்பொறி அவன் அறையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிடும் எண்ணத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். ஆனால் நான் எதிர்பார்த்த துப்பாக்கி ஓசை அங்கே இல்லை. தண்டவாளத்தில் வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து செல்லும் ஓசையும், ஒரு பெண் குரல் அமைதியாக ஏதோ அறிவிப்பதும்தான் கேட்டன.

“அப்பா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. இது வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சாம். அதுக்காகக் காசில்லாமக் குடுத்திருக்காங்க” என்றான்.

காசில்லை என்ற சொல்லுக்கு எழுத்தர் குடும்பத்தில் தனி மதிப்பு உண்டு. உட்கார்ந்தேன்.

மேலே செல்லுமுன் இவ்வகை ஆட்டத்தின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதனை ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என்பார்கள். நம் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று அல்லவா? மன்னார்குடிக்கு அருகில் எங்கள் ஊரில் தமிழாசிரியராக இருந்த என் தந்தையார் இதனை விரலால்தான் கற்பித்தார். தம் நெஞ்சைத் தொட்டு ‘நான், தன்மை’ என்பார். என்னைச் சுட்டி ‘நீ, முன்னிலை’ என்பார். கொட்டிலில் நிற்கும் பசுவைச் சுட்டி ‘அது, படர்க்கை’ என்பார். திரையில் ஓடும் வீரனை நாம் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே ஆட்டுவிப்பது படர்க்கை ஆட்டம். வீரனின் கண் இருக்கும் இடத்தில் நம் கண்ணை வைத்துவிடுவது தன்மை ஆட்டம். அங்கே வீரனின் முகம் நமக்குத் தெரியாது. அவன் கையும், கையில் பிடித்திருக்கும் கருவியும் மட்டுமே தெரியும். நாம் திரும்பினால் உலகம் திரும்பும்.

இவ்வகை ஆட்டங்களைப் பரவலாக அறியச் செய்தவை அமெரிக்காவில் இட் சாஃப்ட்வேர் என்னும் குழுவினர் ஆக்கிய இரண்டு. 1992இல் ‘உல்ஃபன்ஸ்டைன் 3டி’, 1993இல் ‘டூம்’. இவற்றில் விரைவு உண்டு, அச்சம் உண்டு. கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஓர் அறையில் புக வேண்டும், எதிர்ப்பட்டதைச் சுட வேண்டும், அடுத்த கதவைத் திறக்க வேண்டும். நாங்கள் கல்லூரியில் படித்த நாட்களில் கணிப்பொறி மையங்களில் பிள்ளைகள் காசு கொடுத்து ஆடியதும் இத்தகையவற்றையே. அந்த நினைவில்தான் நான் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன்.

மகன் எனக்குக் காட்டிய ஆட்டத்தின் பெயர் ‘ஹாஃப்-லைஃப்’. 1998 நவம்பரில் வெளிவந்தது. ஆக்கியது வால்வ் என்னும் நிறுவனம். மைக்ரோசாஃப்டில் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996இல் அதைத் தொடங்கினர். கதையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் மார்க் லெய்ட்லா என்ற நாவலாசிரியர். ஆட்டம் ஏறத்தாழ முடிந்த நிலையிலும் தங்களுக்கு நிறைவில்லை என்று, பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மீண்டும் கட்டினார்கள். அதனால் வெளியீடு ஓராண்டு தள்ளிப்போயிற்று.

இதன் தொடக்கம் எனக்கு வியப்பூட்டியது. கதைத் தலைவன் கார்டன் ஃப்ரீமேன் ஓர் இயற்பியல் முனைவர். நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் பிளாக் மேசா என்னும் ஆய்வுக்கூடத்தில் பணி. காலையில் அவன் அலுவலகம் செல்கிறான். அவ்வளவுதான்! பாறைக்குள் குடைந்த சுரங்கங்களின் வழியே தொங்கும் வண்டி ஒன்று அவனை ஏற்றிச் செல்கிறது. மணி 8.47 என்று அறிவிப்புக் குரல் சொல்கிறது. பூட்டிய கதவு ஒன்றின்முன் காவலர் ஒருவர் நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். கீழே இயந்திரங்கள் பெட்டிகளைத் தூக்கிச் செல்கின்றன. நாம் வண்டிக்குள் முன்னும் பின்னும் நடக்கலாம், எந்தப் பலகணி வழியாகவும் பார்க்கலாம். சுடுவதற்கு ஒன்றும் இல்லை, கையில் கருவியும் இல்லை. இறங்கியதும் காவலர் வணக்கம் சொல்லி, தாமதமாகிவிட்டது என்பதையும் நினைவூட்டுகிறார்.

தாமத வருகைக்கு அரை நாள் தற்செயல் விடுப்பைப் பறிகொடுத்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. எனவே அந்த முனைவரின்மீது உடனே ஒரு பாசம் உண்டாயிற்று. அவன் உடை மாற்றிக்கொள்கிறான். சக பணியாளர்கள் தங்களுக்குள் எதையோ முறையிட்டுக்கொள்கிறார்கள். மேலதிகாரிகள் சொல்கிறபடி ஆய்வுப் பொருள் இருக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதிர்க்கற்றையின் நடுவில் நிறுத்துகிறான். ஆணைப்படி செய்த அந்தச் செயலால் உலகங்களுக்கிடையே இருந்த திரை கிழிந்து பேரழிவு தொடங்குகிறது. ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

தேர்வு முடியும்வரை ஆட்டம் இல்லை என்று மறுநாள் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆனால் அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே எனக்குள் அந்தக் கேள்வி சுழன்றுகொண்டே இருந்தது. திரைப்படத்தில் இதைவிட அழகான காட்சிகள் உண்டு. நாவலில் இதைவிட நுட்பமான மனிதர்கள் உண்டு. இருந்தும் அந்தச் சுரங்கத்தில் நானே சென்றுவந்ததுபோல் ஏன் தோன்றுகிறது?

தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அந்த ஆட்டத்தை நாங்கள் இருவருமாக முடித்தோம். நடப்பது, பார்ப்பது, கதவு திறப்பது என் பங்கு. சுடுவது அவன் பங்கு. அப்போது எனக்குத் தெளிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஆட்டம் நம் கண்ணைப் பிடுங்கிக்கொள்வதில்லை. கதை சொல்லும் ஆட்டங்கள் பலவற்றில் முக்கியமான கட்டம் வந்ததும் நம் ஆட்சி நின்றுபோகும். திரை ஒரு சிறு திரைப்படமாக மாறிவிடும். யாரோ வைத்த ஒளிப்படக் கருவி யாரோ விரும்பிய இடத்தைக் காட்டும். அது முடிந்தபின் கட்டுப்பாடு மீண்டும் நம் கைக்கு வரும். ஹாஃப்-லைஃபில் அப்படி இல்லை. வண்டியில் ஏறியதிலிருந்து கடைசிவரை நாம் கார்டனின் கண்ணைவிட்டு வெளியே வருவதே இல்லை. ‘மறுநாள் காலை’ என்று ஒரு தாவலும் கிடையாது. தலைவன் மயங்கி விழும் இடத்தில்கூட நம் பார்வையே இருள்கிறது.

இரண்டாவது, ஆசிரியர் குறுக்கே வந்து விளக்குவதில்லை. பேரழிவுக்குப்பின் இராணுவம் வருகிறது என்று செய்தி பரவுகிறது. மீட்கத்தான் வருகிறார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஓர் அறிஞர் கையை ஆட்டிக்கொண்டு வீரன் ஒருவனை நோக்கி ஓடுகிறார். அவன் அவரைச் சுட்டு வீழ்த்துகிறான். சாட்சிகளை அழிக்க வந்தவர்கள் அவர்கள் என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை. நாமே கண்டறிகிறோம். கேள்விப்பட்டதை மறந்துவிடலாம், கண்ணால் கண்டதை மறக்க இயலுமா?

மூன்றாவது, தலைவன் பேசுவதே இல்லை. முதலில் இது எனக்குக் குறையாகத் தோன்றியது. முனைவர் பட்டம் பெற்றவன் வாய் திறக்காமலா இருப்பான்? பின்னர் நம் அகப்பாடல்களின் மரபு நினைவுக்கு வந்தது. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் சுட்டுவதில்லை. பெயர் இல்லாத இடத்தில் படிப்பவர் எவரும் குடிபுகலாம். இங்கே பெயர் இருக்கிறது, குரல் இல்லை. அந்த மௌனத்திற்குள் என் எண்ணங்கள் போய் உட்கார்ந்துகொண்டன. அவன் பேசியிருந்தால் நான் வெளியேறியிருப்பேன்.

இவற்றுக்குப் பின்னால் உள்ள தொழில்நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடுபவன் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், காட்ட வேண்டியதை எப்படிக் காட்டுவது? இருண்ட கூடத்தில் ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரியும், கால் அங்கே செல்லும். மேலே ஏதோ உடையும் ஓசை கேட்கும், தலை நிமிரும். வழி குறுகி, ஒரு வளைவு திரும்பியதும் எதிரே பெரும் பள்ளத்தாக்கு விரியும். வெளியார் பலரை ஆடவிட்டு, பின்னால் அமர்ந்து ஒரு சொல்லும் சொல்லாமல் கவனித்து, அவர்கள் தடுமாறிய இடங்களை எல்லாம் அக்குழுவினர் திருத்தினார்களாம். உண்மையில் பாதை ஒன்றே ஒன்றுதான். “எல்லாக் கதவையும் திறக்க முடியாதுப்பா. ஆனா திறக்க முடியலையேன்னு தோணக் கூடாது. அதுலதான் இருக்கு” என்றான் மகன். அவனுக்கு இவ்வளவு சிந்தனை உண்டு என்பதை அறிய எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் எனக்குத் தலை சுற்றிக் குமட்டிற்று. நடக்கிறோம் என்கிறது கண். உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு. இரண்டுக்கும் நடுவே வயிறு மாட்டிக்கொள்கிறது. “இந்த வயசில் இது தேவையா?” என்று கேட்டுக்கொண்டே என் மனைவி இஞ்சிச் சாறு கொடுத்தாள். பலகணியைத் திறந்துவைத்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து உலாவியதில் நாளடைவில் சரியாயிற்று.

2024 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்து 20 ஆண்டு நிறைந்ததை ஒட்டி அதனையும் அவ்வாறே விலையின்றிக் கொடுத்தார்கள். பின்னாளில் வந்த இரண்டு தொடர்ச்சிகளும் அதனுள்ளேயே சேர்ந்திருந்தன. மகன் அப்போது கல்லூரியில் முதலாண்டு.

இந்த இரண்டாம் ஆட்டம் ஒரு புகைவண்டிப் பெட்டிக்குள் தொடங்குகிறது. உலகம் வேற்றுலகத்தாரின் ஆட்சியில் வீழ்ந்துவிட்டது. கார்டன் ‘நகரம் 17’ என்னும் இடத்தில் வந்து இறங்குகிறான். கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் சாயலில் அமைந்த நிலையம். ஆட்டத்தின் கலை இயக்குநர் விக்டர் அன்டோனோவ் பல்கேரிய நாட்டுச் சோஃபியா நகரில் பிறந்தவர் என்பதால் அந்தப் பழுதடைந்த சுவர்களில் ஓர் உண்மை இருக்கிறது. உயரத்தில் பெரிய திரை. அதில் ஆட்சித் தலைவரின் முகம் எல்லோரையும் இன்முகத்தோடு வரவேற்கிறது. கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். வழியில் வண்டியை நிறுத்தி அவள் கணவனை விசாரணைக்கு இறக்கிக்கொண்டார்களாம். அடுத்த வண்டியில் வருவான் என்று சொன்னார்களாம். அவள் காத்திருக்கிறாள். நாம் நின்று கேட்டால் அவள் கதை நமக்குக் கிடைக்கும். நிற்காமல் கடந்தால் அவள் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்.

நான் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். 2002ஆம் ஆண்டு, பணி நியமன ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு இரவும் ஒரு பகலும் தமிழ்நாடு விரைவு வண்டியில் பயணம் செய்து, விடியற்காலையில் புதுதில்லியில் வந்து இறங்கிய 23 வயது இளைஞன் என் கண்முன் வந்துவிட்டான். ஒலிபெருக்கி ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. சீருடை அணிந்த ஒருவர் வந்து என் தகரப் பெட்டியைக் கோலால் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். எடுக்கச் சொல்கிறாரா, திறக்கச் சொல்கிறாரா, நகரச் சொல்கிறாரா? நான் பெட்டியை இப்புறம் வைத்தேன், அப்புறம் வைத்தேன். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எந்தத் துறையினர் என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. நம் சங்கத்து அன்பர்களுள் பலருக்கும் இத்தகைய ஒரு காலைப்பொழுது இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்தில் நிலையத்தை விட்டு வெளியேறும் வழியில் முகமூடி அணிந்த காவலன் ஒருவன் நிற்கிறான். அவன் ஒரு காலிக் குவளையைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்படி எனக்கு ஆணையிட்டான். ஆட்டத்தில் பொருள்களை எடுப்பது எப்படி என்பதை நமக்குக் கற்பிக்க அமைத்த இடம் அது. அதற்கு ஒரு விளக்கப் பலகை வைத்திருக்கலாம். அவர்களோ ஓர் அவமானத்தை வைத்தார்கள்.

நான் குனிந்து எடுத்து, தொட்டியில் போட்டேன். காவலன் சிரித்துவிட்டு வழிவிட்டான்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அப்பா! அதை அவன் தலைமேல எறியலாம். அடிக்க வருவான், ஓடிடலாம். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் எறிஞ்சாங்க. நீங்க மட்டும்தான் தொட்டியில போட்டீங்க.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிறிது வெட்கமும் வந்தது. இருபது ஆண்டுக்கு மேலாக எத்தனை குவளைகளை எடுத்துப் போட்டிருக்கிறேன்! பிறர் கலைத்த கோப்பை அடுக்கியிருக்கிறேன். பிறர் செய்த பிழைக்கு விளக்கக் குறிப்பு எழுதியிருக்கிறேன். வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்தக் குனிதலிலிருந்துதான் வந்தன. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இப்படி ஒருவன் நான் என்று எனக்குக் காட்ட, இரண்டு வழியையும் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருந்த அந்த ஆட்டத்தை எண்ணி வியந்தேன். என்னை மறக்கச் செய்யும் என்று நினைத்திருந்தேன். அது என்னை எனக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

இதே பொருளை வேறொரு கோணத்தில் காட்டிய இன்னோர் ஆட்டத்தையும் மகன் எனக்குக் காட்டினான். 2007இல் வெளிவந்த ‘பயோஷாக்’. கென் லெவின் என்பவர் தலைமையில் உருவானது. கடலடியில் ராப்சர் என்னும் சிதைந்த நகரம். நமக்கு வழிகாட்டும் ஒருவர் வானொலி வாயிலாக, ‘தயைகூர்ந்து’ என்பதுபோன்ற பணிவான சொல் ஒன்றைச் சேர்த்து ஒவ்வொரு வேலையாகச் சொல்லிவருகிறார். நாமும் செய்துவருகிறோம். பாதிக் கதையைத் தாண்டியபின் தெரிகிறது, அந்தச் சொல்லைக் கேட்டால் பணியாமல் இருக்க முடியாதபடி கதைத் தலைவன் முன்பே பழக்கப்பட்டவன் என்று. அந்தக் கட்டத்தில் மட்டும் ஆட்டம் நம் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு, நம் கையாலேயே ஒரு கொலையைச் செய்ய வைக்கிறது. ‘தயைகூர்ந்து ஆவன செய்யவும்’ என்று முடியும் கடிதங்களுக்கு நடுவே வாழ்கிறவனுக்கு அது சற்று அதிகமாகவே சுட்டது. கையையும் கண்ணையும் ஒருவனிடமிருந்து பறிப்பது எவ்வளவு பெரிய செயல் என்பதும் அப்போது விளங்கிற்று.

அந்தப் பறிப்பை நான் ஆட்டத்திற்கு வெளியே ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் என் தந்தையார் ஊரில் காலமானார். மாரடைப்பு. நாடு முழுதும் ஊரடங்கு. பயணிகள் இரயில் இல்லை, உள்நாட்டு விமானம் இல்லை. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி. மூத்த மகனாகிய நான் செய்ய வேண்டிய கடனைச் சித்தப்பா மகன் செய்தான். உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இங்கே என் கை நடுங்கியதால் எங்கள் கைப்பேசியை என் மகன் பிடித்திருந்தான். அவனுக்கு அப்போது 14 வயது.

நான் தந்தையாரின் கால்களைப் பார்க்க விரும்பினேன். விழுந்து வணங்க வேண்டியது அங்கேதானே. ஆனால் கைப்பேசி விறகைக் காட்டியது. புரோகிதரைக் காட்டியது. பாமணியாற்றங்கரை மரத்தைக் காட்டியது. ‘காலைக் காட்டு, காலைக் காட்டு’ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கே பறையொலியில் அவனுக்குக் கேட்கவில்லை போலும். பிறகு தொடர்பு அறுந்தது. மீண்டும் கிடைத்தபோது தீ மூட்டியாயிற்று. நெஞ்சைத் தொட்டுத் தன்மையைக் கற்பித்தவரின் சாவை நான் படர்க்கையில் பார்த்தேன். அந்தப் பையன்மீது குறை இல்லை. அவன் வயதுக்கு அவன் செய்தது பெரிய உதவி. ஆயினும் கண் என்னுடையதாக இல்லாததால், இன்றுவரை அந்த நிகழ்வு எனக்கு நடந்ததாகவே தோன்றுவதில்லை. யாரோ சொன்ன செய்திபோல் இருக்கிறது.

ஹாஃப்-லைஃப் 2இன் இரண்டாம் தொடர்ச்சி 2007 அக்டோபரில் வெளிவந்தது. கார்டனோடு தோள் கொடுத்து வரும் அலிக்ஸ் வான்ஸ் என்னும் பெண்ணையும், அவள் தந்தை ஈலை வான்ஸ் என்பவரையும் இதற்குள் நாங்கள் நன்கு அறிந்திருந்தோம். ஒற்றைக் கால் இழந்தவர். நகைச்சுவை அறிந்தவர். மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர். போரெல்லாம் முடிந்து, புறப்பட ஆயத்தமாகி நிற்கும் வேளையில் பகைவர் கூரையைப் பிளந்து இறங்குகிறார்கள். மூவரையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விசை பற்றிக்கொள்கிறது. நான் விசைப்பலகையை அழுத்திப் பார்த்தேன். முன்னே, பின்னே, இடம், வலம். ஒன்றும் அசையவில்லை. மகளின் கண்முன்னே தந்தை கொல்லப்படுகிறார். பார்வை வேறெங்கும் தாவவில்லை. நான் நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்தேன். பிறகு அவள் அவர் உடல்மீது விழுந்து அழுகிறாள். திரை இருண்டது. கதை அங்கேயே முடிந்தது.

இப்படி முடியும் என்று மகன் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்:

“அன்னைக்கு நீங்க தாத்தா காலைக் காட்டச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அவங்க காட்டவே இல்ல. எனக்குத் தெரியும்ப்பா. நான்தானே ஃபோனைப் பிடிச்சிருந்தேன்.”

அதைப் பற்றி அவன் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. நாலரை ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருவரும் அதனைத் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தோம். அன்று இரவு வெகுநேரம் அவனுக்கு அவன் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். பசுவைச் சுட்டிப் படர்க்கை சொன்னதையும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு ‘தன்மை’ என்றான்.

அந்தக் கதையை அதன் ஆசிரியர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே விட்டிருந்தார்கள். 2020 மார்ச்சில், நம் நாட்டில் ஊரடங்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ என்னும் புதிய ஆட்டம் வெளிவந்தது. தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஆட வேண்டியது. அதன் முடிவில் அந்தத் தந்தையின் சாவு மாற்றி எழுதப்பட்டு அவர் உயிரோடு நிற்கிறாராம். அந்தக் கருவியின் விலை எங்களுக்கு எட்டாதது. நான் அதை ஆடப் போவதில்லை. கதை என்றால் திருத்தி எழுதலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொன்னதால் இவ்வகை ஆட்டங்கள் எல்லாவற்றையும் நான் போற்றுவதாக அன்பர்கள் கருத வேண்டா. வெறும் எண்ணிக்கைக்காகச் சுட வைப்பவை மிகப் பல. படிப்பைக் கெடுப்பவை உண்டு, பணம் பறிப்பவையும் உண்டு. நான் போற்றும் இந்த ஆட்டத்திலும் துப்பாக்கி உண்டு. அந்தப் பகுதி வரும்போதெல்லாம் விசைகளை மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் அமர்கிறேன். எல்லை வகுப்பது பெற்றோர் கடமை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கதவுக்கு வெளியே நின்று வகுக்கும் எல்லைக்கும், உள்ளே அமர்ந்து வகுக்கும் எல்லைக்கும் வேறுபாடு உண்டு. சாத்திய கதவுக்குப் பின்னால் பிள்ளை என்ன பார்க்கிறான் என்பதை அவன் கண் இருக்கும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு திட்டலாம். வரும் பொங்கல் விழாவில் தொன்னையை ஏந்தி நிற்கும்போது நான் சொல்லப்போவது இதைத்தான்.

சென்ற வாரம் மகன் அந்த இரண்டாம் ஆட்டத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். நிலையம் வந்தது. குவளை விழுந்தது. விசைகளை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தான்.

குனிந்து எடுத்தேன். குறி பார்த்து எறிந்தேன். பிறகு இருவருமாக ஓடினோம்.